பச்சைச் செருப்பு கேட்ட கேள்வி

விடுதி மெஸ் வாசலில் செருப்பு மாறிப்போனது. தென்னவனின் வலது காலில் அவனுடைய பழைய நீலச் செருப்பு, இடது காலில் வேறு யாரோ ஒருவனின் பச்சைச் செருப்பு.

மறுநாள் பரீட்சை. நண்பனின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினான். முச்சந்தியில் ஜெராக்ஸ் கடை இடப்பக்கம் இருந்தது. நீலம் வலப்பக்கம் திரும்பியது.

“அண்ணே, இந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டது பச்சை.

“ஒயின்ஷாப்.”

“இன்னைக்குக் குடிக்கணும்னு சொன்னாரா?”

“குடிக்கவே மாட்டேன்னு காலையிலதான் அம்மாகிட்ட போன்ல சத்தியம் பண்ணினான்.”

“அப்போ யார் திரும்பச் சொன்னது?”

நீலம் நடந்துகொண்டே யோசித்தது. “யாரும் சொல்லலையே. முச்சந்திப் புரோட்டாக் கடையில கொத்துற சத்தம் கேட்டா இப்படித் திரும்பிடுவேன். ரெண்டு வருஷப் பழக்கம்.”

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரியலையே தம்பி.”

பச்சைக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒயின்ஷாப்புக்குப் பத்தடி முன்னால் தன் வாரைத் தானே கழற்றிக்கொண்டது.

தென்னவன் தடுமாறி நின்றான். குனிந்து வாரைத் துளைக்குள் மாட்டினான். நிமிர்ந்தபோது எதிரே ஒயின்ஷாப்பின் போர்டு தெரிந்தது. நோட்டு இன்னும் கக்கத்தில் இருந்தது.

“நான் எப்படா இங்க வந்தேன்?” என்று வாய்விட்டே கேட்டான்.

“அசையாம இரு தம்பி,” என்று கிசுகிசுத்தது நீலம். “ரெண்டு வருஷமா நான்தான் இங்க வந்துக்கிட்டிருந்தேன். இவன் இன்னைக்குத்தான் வந்திருக்கான்.”