மாறுகண் ஆந்தைகள்

மூன்று ஆந்தைகள் தங்கையை முறைக்கின்றன. அண்ணன் செய்த லிமிடெட் எடிஷன் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் மாதிரி முகப்பில் அவள் வரைந்தவை; ஆறு திருகு குமிழ்கள்தான் ஆறு கண்கள், குமிழ்மேல் உள்ள புள்ளிதான் கருவிழி. அவள் சரி என்றால் எல்லாக் கருவிகளுக்கும் இந்தப் படம் இன்றே அச்சுக்குப் போகும். ஜன்னல் வெயிலில் ஆரஞ்சு மை மினுமினுக்கிறது. அண்ணன் ஒரு குமிழைத் திருக, முதல் ஆந்தைக்கு மாறுகண் விழுகிறது. “அண்ணா, என் படத்தைக் கெடுக்காதே. கண்ணை நேரா வை.” “நேரா வச்சா எருமை கத்தும்டி, கேளு.” வைத்து, ஒரு வாசிப்புக் கட்டையை அழுத்துகிறான். எருமையேதான். அவள் காதைப் பொத்துகிறாள். அவன் சிரித்தபடி ஆறையும் திருகுகிறான். ஒரு கண் கூரையை, ஒரு கண் கதவைப் பார்க்க, அவன் வாசிக்கும் மெட்டு அறையெங்கும் துள்ளி ஓடுகிறது. அவள் கால் தாளம் போடுகிறது. விரல் தானாக நீண்டு கடைசிக் குமிழைத் தொடுகிறது. “இந்த மூணாவது ஆந்தைக்குக் கொஞ்சம் ஓரக்கண்.” சுரம் இடுப்பை ஒடித்து வளைகிறது. “அச்சுக்கு அனுப்பு,” என்கிறாள், குமிழை விடாமலே.