மதிலுக்கு இந்தப் பக்கத் தண்ணீர்

“முடியாதுங்க” என்றாள் அவள், தன் தோட்டத்துத் தொட்டியருகே நின்று.

அவன் காதில் விழாதவன்போல மகளின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

சாலையோரம் அவன் வந்த கார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவன் மனைவி, முகத்தில் மாஸ்க், மடியில் துண்டும் காற்றடித்த நீச்சல் வளையமும். மகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். வீட்டிலிருந்தே நீச்சல் உடையில் கிளம்பி வந்திருந்தாள்.

“பக்கத்துத் தண்ணி பார்க்கைத் தொறந்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துதும்மா. வந்து பாத்தா கேட்டுல பூட்டு. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருது. உன் தொட்டியில ஒரு முழுக்கு போட்டுட்டுப் போவட்டும்.”

“பயிருக்கு விடுற தண்ணி.”

“குளிச்சா பயிர் செத்துடுமா?”

அவள் முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

“ஊரெல்லாம் நோவு கெடக்கு. தள்ளி நின்னு பேசுங்க.”

அவன் சிரித்தான்.

“உங்களப் பாத்து நாங்க பயப்படணும். நீ எங்களச் சொல்றியா?”

பம்ப்செட் குழாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. சிறுமி அதையே பார்த்தாள்.

தோட்டத்தின் ஓரமாகவே ஓடியது பார்க்கின் மதில். அதற்கு மேலே சறுக்குக் குழாய்கள், மஞ்சளும் சிவப்புமாக, வெயிலில் வெளிறி நின்றன.

அந்தப் பக்கம் அலைக்குளம் கட்டிய வருஷம்தான் இந்தப் பக்கம் கிணறு வற்றியது. பார்க்கின் ஆழ்துளை மோட்டார்கள் ராப்பகலாக ஓடின. அவளும் புருஷனும் கிணற்றை ஆழமாக்கினார்கள். பாறைதான் வந்தது. மாடுகளை விற்றார்கள். புருஷன் கட்டட வேலைக்குப் போனான். குடிக்கிற தண்ணீருக்கு அவள் லாரியின் பின்னால் ஓடினாள்.

ஓடும்போதெல்லாம் மதிலுக்கு மேலிருந்து கூச்சல் கேட்கும். சந்தோஷக் கூச்சல்.

பிறகு நோய் வந்தது. பார்க்கை மூடினார்கள். மோட்டார்கள் நின்றன.

ஆவணி மழைக்குப் பிறகு ஒருநாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது.

நாடே கதிகலங்கிக் கிடந்த மாதங்கள். அவள் கத்திரி நட்டாள். சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி, இந்த நோய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

கேட்டதற்காக அவள் வெட்கப்படவில்லை.

“இருந்திருந்து ஒரு லீவு. மனுஷனா இருந்தா புரியும்” என்றான் அவன்.

சொல்லிக்கொண்டே மகளைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டான்.

சிறுமி வீறிட்டாள். அதே கூச்சல்.

தண்ணீர் சிறுமியின் மார்புவரை இருந்தது. கையால் அடித்தாள். முங்கி எழுந்தாள். அவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். காரிலிருந்து மனைவி, “தன்விகா, வாய்ல போயிடப் போவுது! என்ன தண்ணியோ” என்றாள்.



தோட்டத்துக்காரி நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள்.

தொட்டியின் மறுபுறம் வந்தாள். குனிந்து, அடியில் துணி சுற்றி அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கினாள்.

தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது.

சிறுமிக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. ஓட்டைக்கு மேலே சுழித்த நீரில் விரலை விட்டுப் பார்த்தாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

முழங்காலுக்கு வந்தது.

“அப்பா, தண்ணி போவுது.”

அவன் போனை இறக்கினான்.

“ஏய், என்ன பண்ற நீ? சின்னக் கொழந்தைன்னுகூடப் பாக்க மாட்டியா?”

அவள் பார்த்தாள். பாசி படிந்த தரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள் சிறுமி. உதடு நடுங்கியது. குளிரோ, அழுகையோ.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். அவன் ஓரடி பின்வாங்கினான்.

அவனைக் கடந்துபோய், மடையைத் திருப்பி, தண்ணீரைக் கத்திரிப் பாத்திக்கு வெட்டிவிட்டாள்.

“நல்லா இருப்பியா நீ” என்றாள் காரிலிருந்தவள்.

அவன் மகளைத் தூக்கி வெளியே விட்டான். துண்டால் போர்த்தினான். செருப்பை மாட்டக் குனிந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

மதிலுக்கு அந்தப் பக்கம், பம்ப் அறையிலிருந்து. முதலில் ஒரு இருமல்போல. பிறகு சீரான உறுமல். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

அவன் நிமிர்ந்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“ஏய், உள்ள மோட்டார் போட்டுட்டாங்கடி! தொறக்கப் போறாங்க போல.”

“வாங்க சீக்கிரம். கேட்டுல இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்.”

ஒரு செருப்போடு மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவு அறைந்தது. கார் திரும்பி, புழுதி கிளப்பிக்கொண்டு பார்க் வாசல் பக்கம் போனது.

அவள் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

வாய்க்காலில் கடைசித் தண்ணீர் மெலிந்து ஓடியது. பாத்தி பாதிகூட நனையவில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருந்தது. கல்லில் அது தொட்ட இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டாள்; இனி அது இறங்கும்.

சத்தம் கூடியது.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். கட்டைக்குத் துணி சுற்றி, ஓட்டையை இறுக்கி அடைத்தாள். மோட்டாரைப் போட்டாள்.

தொட்டி நிறையத் தொடங்கியது.

சேலையோடு உள்ளே இறங்கினாள். பாசித் தரையில் உட்கார்ந்து, தடதடக்கும் குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்தாள். தண்ணீர் மடியை நிறைத்து, தோள் ஏறி, விளிம்பைத் தாண்டி வீணாக மண்ணில் வழிந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.