இரண்டாவது பெட்டி

செத்துப்போனவரின் பெயர் திரையில் இரண்டாவது முறையும் வந்தது. அகோத் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். ஓவிட்டி ராபுரு, ஊர் ஊசெங்கே, பெட்டியின் நீளம் ஆறே கால் அடி.

கிசுமுவில் சவப்பெட்டி விற்கும் அந்தக் கம்பெனி, பழைய பில் புத்தகங்களை எல்லாம் போன மாதம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது. ஏற்றினவர்கள் அவசரத்தில் ஒரே விற்பனையை இரண்டு இடத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இரட்டைப் பதிவுகளைத் தேடி ஒன்றாக்குவதுதான் அகோத்தின் வேலை. 'ஒன்றாக்கு' பொத்தானை அமுக்கினால் பழைய பதிவு நிற்கும், புதியது அழிந்துவிடும். அழிந்தது திரும்ப வராது, அந்தப் பெட்டியையும் பட்டறையில் யாரும் செய்ய மாட்டார்கள்.

மேனேஜர் ஒன்யாஞ்சா பின்னால் வந்து நின்றார்.

"என்ன, ஒரே பேரை வெச்சு தவம் பண்ணிட்டிருக்கே?"

"சந்தேகமா இருக்கு சார். ஒரு பெட்டி பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. இன்னொண்ணு நேத்துதான் போன்ல ஆர்டர் வந்ததா போட்டிருக்கு."

"பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, நீளம் ஒண்ணு. நம்ம வியாபாரத்துல ஒரே ஆளு ரெண்டாவது தடவை வந்து நான் பார்த்ததில்ல. பழைய பில்லை எவளோ நேத்து தேதியில அடிச்சிருப்பா. பன்னண்டு மணிக்கு லிஸ்ட் பட்டறைக்குப் போகணும், ஒண்ணாக்கிட்டு அடுத்ததைப் பாரு."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஓவிட்டி ராபுரு தன் அப்பா என்று அகோத் அவரிடம் சொல்லவில்லை.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஏரிக்கு மீன் பிடிக்கப் போன அப்பா திரும்பவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஒரு மாதம் தேடி ஓய்ந்தபின், உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, யாகோ மரத்தின் நீளமான காய் ஒன்றைப் பெட்டிக்குள் கிடத்தி, அதையே அவராக நினைத்து அழுது புதைத்தார்கள்.

அதோடு அவர் அடங்கவில்லை. நாலு வருடம் கழித்து ஒரு விடியற்காலையில், பனிமூட்டத்துக்குள் கள்ளி வேலியோரம் வந்து நின்றார். அம்மா அலறிய அலறலில் ஊரே கூடிவிட்டது. ஆவியை உள்ளே விட்டால் இன்னொரு உயிரைக் கொண்டுபோய்விடும் என்று சித்தப்பா கத்தினார். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எறிந்தார்கள். அகோத் எறிந்த கல் நெற்றியில் பட்டது. அவர் நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏரிப்பக்கமாக நடந்து பனியில் மறைந்துபோனார்.

"காயைப் புதைச்சா அந்த மனுஷனுக்குக் கோபம் வராதா? ஒரு எலும்பாவது கிடைச்சாத்தான் அடங்குவாரு" என்று அம்மா இன்றுவரை புலம்புகிறாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அகோத் இருபத்தோரு வயதிலும் விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாள்.

புதிய பதிவில் வாங்குபவரின் பெயர் இல்லை, உகாண்டா நம்பர் ஒன்று மட்டும் இருந்தது. கீழே ஒரு குறிப்பு. 'முகம் தெரிய மூடியில் கண்ணாடி வேண்டும். வெள்ளிக்கிழமை ஊசெங்கே படகுத்துறையில் தரவும்.'

ஏரிக்கு அக்கரை உகாண்டாதான். அக்கரைக்காரர்களின் வலையில் அப்பா சிக்கியிருக்க வேண்டும். மீனவர்கள் அடையாள அட்டையைப் பாலிதீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், அதைப் பார்த்துத்தான் பேரும் ஊரும் தெரிந்திருக்கும். மணி பன்னிரண்டாக எட்டு நிமிடம் இருந்தது. நம்பரை அழுத்தினாள்.

"யாரு?" ஒரு பெண்ணின் குரல் அடைத்துப்போயிருந்தது.

"கிசுமுலேர்ந்து பெட்டிக் கம்பெனிம்மா. ஓவிட்டி ராபுருங்கற பேருக்கு ஆர்டர் குடுத்தது நீங்களா?"

"ஆமாம்மா. சிகுலு தீவுலேர்ந்து படகுல கொண்டுவர்றோம். அவங்க சனத்துல செத்தவங்களைச் சொந்த மண்ணுலதான புதைக்கணும். பெட்டி வந்துருமில்ல? வெறும் பாயில சுத்திக் கொண்டுபோய் இறக்கினா அவங்க ஊரு எங்களைக் காறித் துப்பும்."

அகோத் 'இரண்டும் வேறு' என்ற பொத்தானை அமுக்கினாள். பதிவுகள் இரண்டும் தனித்தனியாக நின்றன. பதினோரு வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. இனி அப்பா வேலியோரம் வந்து நிற்க மாட்டார், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

"பெட்டி கண்டிப்பா வரும்மா. நான் அவரு மகதான் பேசறேன். யாருன்னே தெரியாதவருக்கு இவ்வளவு செய்யறீங்க, கடவுள் உங்களை நல்லா வெப்பாரு."

எதிர்முனையில் ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ அதை அதட்டினார்கள்.

"அம்மா, இருக்கீங்களா? அவரு எப்ப வலையில சிக்கினாரு?"

"என்னம்மா சொல்றே? முந்தாநேத்து காலையில கூட என் கையாலதானே கஞ்சி குடிச்சாரு."