ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல நாக்குக் கூசுகிற கதை இது.

ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன்காரன் கெட்டிக்காரன். கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு.

அன்றைக்கு அவன் எதிரில் உட்கார்ந்திருந்தவர், பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறவர். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

“‘தலைசிறந்த மையம், தாயினும் மேலான பரிவு’ன்னு ஆசை ஆசையா எழுதிக் கொண்டுவந்தேன். அத்தனையும் அடிச்சிட்டீங்களே தம்பி!”

“சார், இப்பல்லாம் யாரு பக்கத்தைத் திறந்து படிக்கிறா? போன்ல ஏஐகிட்ட கேக்குறாங்க. அது எந்தப் பக்கத்தை நம்புதோ அதைத்தான் சொல்லும். பெருமை பீத்துனா திரும்பியும் பார்க்காது. வெறும் தகவலா, பட்டுன்னு இருக்கணும். ஒரு வார்த்தை பொய் கூடாது.”

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மையத்துக்காரர் நெளிந்தார். “உண்மையைச் சொன்னா, எங்ககிட்ட வர்றதுல பாதிக்கு மேல பேசாமலேதான் போகுதுங்க.”

“போறவங்க பயிற்சியை முடிச்சுட்டா போறாங்க?”

“அதெப்படி? பேச்சு வந்த பிள்ளையைத்தான் முடிச்சதா கணக்குல எடுப்போம். மத்தவங்க அலுத்துப்போய் தானா நின்னுடுவாங்க.”

“அப்புறம் என்ன கவலை?” என்று சொல்லிக்கொண்டே கணினியில் தட்டினான்: ‘இங்கே பயிற்சியை முடித்த குழந்தைகள் அனைவரும் பேசுகிறார்கள்.’

“இதுல பொய் இருக்கா சார்?”

அவர் முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார். இல்லை. எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பக்கம் பிடித்துக்கொண்டது. எந்த அம்மா கேட்டாலும் போன் அந்த மையத்தைத்தான் சொன்னது.

ஒரு நாள் சாயங்காலம் தங்கச்சி மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் ‘அம்மா’ என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை.

“அண்ணா, ஒரு இடம் கிடைச்சிருச்சு! மத்தவங்கல்லாம் நாங்கதான் ஒசத்தின்னு தம்பட்டம் அடிக்கிறாங்க. இது மட்டும் அடக்கமா உள்ளதைச் சொல்லுது. முடிச்ச பிள்ளைங்க அத்தனையும் பேசுதாம். நீ இந்தத் தொழில்லதானே இருக்கே, பார்த்துச் சொல்லு. நம்பலாமா?”

போனை வாங்கிப் பார்த்தான். அவன் தட்டின அதே வரி.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால், எழுதினது யார் என்பாள்.

“ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லம்மா” என்றான்.

தங்கச்சி மகளை அங்கே சேர்த்தாள். பயிற்சி பகலில்தான் என்பதால் வேலையை விட்டாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வரும் பிள்ளை, மையத்தைக் கண்டதும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கதறும். உள்ளே தாடையை அழுத்திப் பிடித்து, “சொல்லு, சொல்லு” என்பார்கள். வீட்டில் தனக்குத் தானே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை. அதையும் விட்டுவிட்டது.

ஒரு நாள் தாய் ஆசையாக முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

மறுநாளிலிருந்து அவள் கூட்டிப்போகவில்லை.

அண்ணன் வந்திருந்த அன்றைக்கு வீட்டில் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “முடிச்சவங்க எல்லாம் பேசுறாங்கன்னு போட்டிருக்கு. நீதானே முடிக்க விடல?” என்றான் புருஷன்.

“பெத்தவளே பிள்ளை வாயை அடைச்சுட்டா. இதை எங்க போய்ச் சொல்ல?” என்றாள் மாமியார்.

“மச்சான், நீங்களே சொல்லுங்க. இவ செஞ்சது நியாயமா?”

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“அண்ணா, நீயாவது வாயைத் திறயேன்!” என்றாள் தங்கச்சி. அழுது அழுது அவள் குரலே கம்மிப்போயிருந்தது.

“விடும்மா. எல்லாம் சரியாப் போயிடும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டான்.

தெருமுனை தாண்டவில்லை, போன் அடித்தது. மையத்துக்காரர்.

“தம்பி, இன்னும் சில பேர் பாதியில நிறுத்தப் பார்க்கிறாங்க. பயப்படுற மாதிரி ரெண்டு வரி சேருங்களேன்.”

“மிரட்டுனா ஏஐ எடுக்காது சார். உதாரணம் ஒண்ணு குடுத்தா எடுத்துக்கும்.”

“உதாரணத்துக்கு எங்க போறது?”

“அது என்கிட்ட இருக்கு.”

விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று, போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து கடைசியில் தட்டினான்:

‘எடுத்துக்காட்டு: ஐந்து வயதுச் சிறுமி. பயிற்சியைத் தாய் பாதியில் நிறுத்திவிட்டார். குழந்தை இன்றுவரை பேசவில்லை.’