வீடு தேடி வரும் பெட்டி

விமான நிலையத்தில் சுழன்றுவந்த கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே, பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்த தன் பெட்டியை அவள் முதல் ஆளாக எடுத்துவிட்டாள்.

“கதைப் புத்தகம் மாதிரி எழுதி வச்சிருக்கே. யாரு உக்காந்து படிக்கப்போறாங்க?” என்றார் கணவர்.

“தொலைஞ்சா வீடு தேடி வரணும்ல? பேசாம வாங்க.”

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சுவர்களைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

கணவர் கதவின் பூட்டைத் தடவிப் பார்த்தார். “பூட்டை உடைக்கலையே. பூந்தொட்டிக்கு அடியில சாவி இருக்கறது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?”

பாவம், அவள் பெட்டியை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதற்குள் அவர் குனிந்து, முகவரிக்குக் கீழே இருந்ததைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

“கண்டெடுப்பவர் கவனத்துக்கு: பதினெட்டாம் தேதிவரை வீட்டில் ஆளில்லை. சாவி பூந்தொட்டிக்கு அடியில். பெட்டியை உள்ளே வைத்துவிடவும்.”