சட்டைப் பையில் ஒரு பேனா

"நாலே நாலு வார்த்தை! 'இடது பிரேக் லேசாக இழுக்கிறது.' இதை எழுத ஒருத்தனுக்குக் கை வரலையே!"

மேஜை மேல் கிடந்த விமானக் குறிப்பேட்டை ஓங்கித் தட்டினார் கேப்டன் வெண்டல் ராஷ். எதிரே உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஆர்லோ ப்ரூயிட் தலை நிமிரவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஹிப்பிங் விமான நிலையத்தில் தரையிறங்கும்போது இடது சக்கரம் இறுகிக்கொண்டது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் பனிமேட்டில் முட்டி நின்றது. முப்பத்தொரு பயணிகளுக்கும் கீறல்கூட இல்லை. ஓட்டிய ராஷின் படம் டுலூத் நகரப் பத்திரிகையில் வந்தது. பணிப்பெண் டெனிஸுக்கு மட்டும் முதுகெலும்பில் முறிவு. மறுபடி நடப்பாளா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

அவள் படம் பத்திரிகையில் வரவில்லை. அதெல்லாம் எங்கே வரும்?

"பிரேக் ஒரே நாள்ல கெட்டுப் போகாது," என்றார் ராஷ். "எனக்கு முன்னாடி யாரோ ஒரு கோழை இதைக் கவனிச்சிருக்கான். எழுதினா விமானம் நின்னுடும், மேலிடம் கத்தும்னு வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கான். நான் இந்தக் குறிப்புப் புத்தகத்தை நம்பி ஏறினேன். புத்தகம் சுத்தமா இருந்துச்சு!"

"கேப்டன், கொஞ்சம் உட்காருங்க," என்றாள் நிர்வாகி கோரா டோலன்.

"எப்படிம்மா உட்கார்றது? டெனிஸ் அங்கே படுத்துக் கிடக்கிறா." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இருபத்தாறு வருஷமா இந்தப் பேனா இங்கேதான் இருக்கு. எதுக்கு? அழகுக்கா?"

சுவரோரம் நின்றிருந்த விமானிகள் இருவர் தலையாட்டினார்கள்.

கோரா மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லோ, விபத்துக்கு முன்னாடி அந்த விமானத்தைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்க. பிரேக் பத்தி யாராவது சொன்னாங்களா?"

"புத்தகத்துல எதுவும் இல்லைங்க."

"புத்தகத்தை விடுங்க. வாயால யாராவது?"

ஆர்லோ நிமிர்ந்தார். கோராவைப் பார்க்கவில்லை. ராஷைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க."

"பார்த்தீங்களா?" ராஷ் சிரித்தார். "சும்மா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரு. காபி ஆறிடும்ல?"

கோரா பெருமூச்சு விட்டாள். "மூணு மணிக்கு அறிக்கை அனுப்பணும், ஆர்லோ. இப்படியே போனா உங்க வேலை, லைசன்ஸ் ரெண்டும் போயிடும். அதுக்குள்ள யாருக்காவது ஏதாவது ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க."

எல்லோரும் கலைந்தார்கள்.

அறைக்கு வெளியே நடைபாதையில் ராஷைப் பின்னாலிருந்து கூப்பிட்டார் ஆர்லோ.

"கேப்டன், ஒரு நிமிஷம்."

"என்னய்யா, என்கிட்ட சிபாரிசா? முடியாது."

ஆர்லோ கோட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். காபிக் கோப்பை கையைச் சுடாமலிருக்கச் சுற்றித் தருவார்களே, அந்த அட்டை. அதில் நீல மையில் கிறுக்கல்.

'ஆர்லோ, இடது பிரேக் லேசாக இழுக்கிறது. ஒரு பார்வை பாரு. புத்தகத்தில் போட்டால் காலையில் விமானம் கிளம்பாது. பையனுக்கு ஹாக்கி மேட்ச், ஓடுகிறேன். வெ. ராஷ்.'

ராஷின் முகம் வெளுத்தது.

"இது... எப்போ?"

"விபத்துக்குப் பதினோரு நாள் முன்னாடி."

"சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லய்யா! வாரத்துக்குப் பத்து விமானம் மாத்தி மாத்தி ஓட்டறேன்..."

"எழுதியிருந்தா ஞாபகம் வெச்சுக்க வேண்டிய அவசியமே இல்லையே, கேப்டன். புத்தகம் அதுக்குத்தானே இருக்கு?"

யாராவது வருகிறார்களா என்று ராஷ் இரு பக்கமும் பார்த்தார்.

"புத்தகத்துல குறிப்பு இல்லாம சக்கரத்தைக் கழட்ட விடமாட்டாங்க. நானே எழுதியிருக்கணும். போன தடவை எழுதினதுக்கு வாங்கின ஏச்சு நெஞ்சுல நின்னுச்சு. நீங்க சொன்ன மாதிரியே டார்ச் அடிச்சுப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். என் தப்பை நான் இல்லைன்னு சொல்லல."

"இதை ஏன்யா உள்ளே காட்டல?"

"உங்க வாயால வரும்னு கடைசிவரைக்கும் காத்திருந்தேன். உங்களுக்கும் ரெண்டு பசங்க. காட்டிக் கொடுத்துப் பழக்கமில்ல எனக்கு." ஆர்லோ அட்டையை அவர் கையில் வைத்து அழுத்தினார். "இது உங்க எழுத்து. உங்ககிட்டயே இருக்கட்டும். மணி இன்னும் மூணு ஆகல."

கதவு திறந்தது. கையில் ஒரு தாளோடு கோரா வந்தாள்.

"நல்ல வேளை, இங்கேயே இருக்கீங்க. கேப்டன், உங்க வாக்குமூலம். 'இந்தப் பிரேக் கோளாறு பற்றி விபத்துக்கு முன் எனக்கு எதுவும் தெரியாது.' இது சரிதானே? கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க."

ராஷ் தாளைப் பார்த்தார். ஆர்லோவைப் பார்த்தார். அட்டை இருந்த கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போய்விட்டு வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"பேனா இருக்கா, கேப்டன்?"

அன்றைக்குப் புத்தகத்தில் நாலு வார்த்தை எழுத வெளியே வராத பேனா, இன்று கேட்ட மாத்திரத்தில் வந்தது.