பின் இருக்கையில் மூன்று முட்டைகள்

“அந்த மரச்சட்டம் போட்ட பழைய காரை வித்துத் தொலை. இல்லேன்னா அதோடவே குடித்தனம் நடத்து” என்று குளிர்காலம் முழுக்க நச்சரித்தவள் ஹெஸ்டர்தான். கணவர் டென்சில் விளம்பரம் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்த வாரமே, லண்டனிலிருந்து லோமாக்ஸ் என்பவர் முழுப் பணத்தோடு வந்துவிட்டார்.

“கதவு, கூரைச் சட்டம் எல்லாம் கையால இழைச்ச மரம். இந்த மாதிரி நாலு வண்டிதான் மிச்சம்” என்றபடி பின்கதவைத் திறந்தார் டென்சில். இன்னொரு கை மரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

இருக்கையில் ஒரு குருவிக்கூடு. அதில் புள்ளி போட்ட மூன்று நீல முட்டைகள்.

லோமாக்ஸ் குனிந்தார்.

“தொடாதீங்க” என்றாள் ஹெஸ்டர். “ஜன்னல் திறந்தே கிடந்துது, உள்ள வந்து கட்டிடுச்சு. குஞ்சு பறக்கற வரைக்கும் கூட்டைக் கலைக்கக் கூடாது. அதுக்குச் சட்டமே இருக்கு, உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். ஆனா எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நார்விச்ல இன்னொரு வண்டி இருக்கு, அதையே பாத்துக்கறேன்.”

அவர் போனதும், “ச்சே, நல்ல கிராக்கி போச்சு” என்றார் டென்சில். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஹெஸ்டர் கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஈஸ்டருக்கு வாங்கின சாக்லேட் முட்டை. நீயும் ஒண்ணு எடுத்துக்கோ. கூட்டை மட்டும் பத்திரமா வை, அடுத்த ஆள் வந்தா வேணும்.”